ஐந்து வீடும் ஓர் அடுப்பும்

வளவு வாங்கலாமா என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது, "உம்ம வீட்டுக்காரிக்குத் தனி அடுப்பு இருக்கா?" என்பதுதான். வந்தவர் முழிப்பார். கிணறு வற்றுமா, பத்திரம் சரியா, குடியிருப்பவர்கள் எப்படி என்று நான் விசாரிப்பேன் என்று நினைத்து வந்திருப்பார். அதெல்லாம் பிறகு. நகையைக் கழற்றிக் கொடுத்து ஐந்து வீடு வாங்கிவிட்டு, ஐந்திலும் அடுத்தவர் உலை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வளவு என்றால் தெருவில் ஒரே ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் நீளமாக ஒரு நடை. நடைக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிய ஓட்டு வீடுகள். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் அப்படி ஒரு வளவை நாங்கள் வாங்கினோம். என் வீட்டுக்காரர் அப்போது தாலுகா கச்சேரியில் குமாஸ்தா.

நான் பிறந்தது ஆலங்குளம் பக்கம். வாக்கப்பட்டு வந்தது தென்காசியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு. மாமனார் இல்லை. அத்தை, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரே சமையலறை. அத்தையைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் உப்புப் போட்டு வைக்கிற மரக்கிண்ணமான உப்பு மரவையை மட்டும் அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. குழம்புக்கு உப்புப் போடுவது அத்தை கை. இறக்கி வைப்பது மூத்த மருமகள் கை. பாத்திரம் துலக்குவது கடைசி மருமகளான என் கை. துலக்குவதில் எனக்கு அலுப்பில்லை. ஒரே ஒரு நாளாவது ஒரு ரசத்தை என் இஷ்டத்துக்கு வைத்து என் புருஷனுக்கு ஊற்ற வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை என்னைப் போட்டு அரித்தது.

அவரிடம் சொன்னால் சிரிப்பார். "ஒரு ரசத்துக்காகவாட்டி தனிக்குடித்தனம்?" என்பார். சொந்த வீடு இருக்கும்போது வாடகைக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்பார். அப்போதுதான் இந்த வளவு விலைக்கு வந்தது. "நாலு வீட்டை வாடகைக்கு விடுவோம், அஞ்சாவதுல நாம இருப்போம். அம்மாவும் தப்பாச் சொல்ல மாட்டா, வளவப் பாத்துக்கிட ஆள் வேணும்லா?" என்றார். என் புருஷனுக்கு மூளை இருக்கிறது என்று நான் கண்டுகொண்ட நாள் அது. அப்பா போட்ட ஒட்டியாணத்தையும் சங்கிலியையும் நானே கழற்றி அவர் கையில் வைத்தேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். சொன்னவன் வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

வளவை விற்றவர் அதை எங்களுக்குக் காட்டியது பங்குனி வெயிலில். சுவரெல்லாம் சுண்ணாம்பு மினுமினுக்க நின்றது. நாங்களும் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனியில் சாரல் இறங்கியதும் மேல வரிசை வீடுகளின் பின்சுவர் முழுக்க ஊறிப் பூசணம் பூத்தது. குற்றாலத்துக் காற்று மேற்கேயிருந்து சாய்த்து அடிக்கிற ஊரில் வெயில் காலத்தில் போய் வீடு பார்ப்பது, குளித்துச் சிங்காரித்து உட்கார்ந்திருக்கிற நாளில் பெண் பார்ப்பது மாதிரி. தென்காசியில் வீடு வாங்குகிறவர் ஆனி ஆடியில் வந்து பார்க்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு வந்து பார்க்க வேண்டும்.

முதல் மாத வாடகை வாங்க என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். போன நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த வீட்டுப் பொம்பளை காசை எடுத்து வெளியே கொடுப்பாள்? காசு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உட்கார வைத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு தூக்கு நிறைய அதிரசமும் இருந்தன. "நல்ல சனங்க" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதிரசம் நன்றாகத்தான் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். கிணற்றடியில் இருந்த கடைசி வீடுதான் எங்களுக்கு என்று பேச்சு. அதில் ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தது. வளவு வாங்கும்போது குடியிருப்பவர்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாத்தியாரிடம் வீட்டைக் கேட்கப் போன என் புருஷன், அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிவிட்டு வந்தார். பிள்ளை பிறந்தது. தவழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள் என்றார். நடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள் என்றார். கடைசியில் வாத்தியார் தானாகவே மாற்றலாகிப் போனார். நான் சாவியை வாங்கி முந்தானையில் முடிவதற்குள், என் புருஷன், ஒரு கம்பவுண்டர் மழையில் நனைந்த பெண்டாட்டி பிள்ளைகளோடு ரயிலடியில் நிற்கிறார் என்று அவர்களைக் கூட்டி வந்து கடைசி வீட்டில் வைத்துவிட்டார்.

"இருக்க இடம் குடுத்தா படுக்கப் பாய் கேப்பாங்க. நீங்க பாயும் குடுத்து தலகாணியும் குடுத்துட்டு வாறிய. நான் எங்கன போய் இருக்கட்டும்?" என்று கத்தினேன்.

"ஒரு வருசந்தாம்ட்டி" என்றார்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடிப்போயிற்று. ஐந்து வருஷமும் நான் அத்தை வீட்டில் பாத்திரம் துலக்கினேன். கோபம் வரும்போது அவர் தட்டில் சோற்றை ஓங்கி வைப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வருவார். இப்படிப்பட்ட மனுஷனிடம் எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்?

ஆறாவது வருஷம் வைகாசியில் கம்பவுண்டரும் போனார். இந்தத் தடவை நான் விடவில்லை. சாவியை வாங்கின கையோடு வீட்டைக் கழுவி, பழைய அடுப்பை இடித்துப் போட்டு, களிமண் குழைத்து நானே ஓர் அடுப்புப் போட்டேன். அதே தீயில் இன்னொரு பாத்திரம் வைக்கப் பக்கத்தில் கொடியடுப்பு வேறு. அது காய்வதற்குள் அத்தையின் தம்பி காலமாகிவிட்டார். தீட்டுக் கழிவதற்குள் வைகாசி முடிந்துவிட்டது. ஆனியில் புதுக்குடித்தனம் ஆகாது, ஆடியில் ஆகவே ஆகாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சலாம் என்று நாள் குறித்தாயிற்று.

"ஆவணியில உனக்குப் பால் காய்ச்சாம விட்டா நான் ஆம்பளையே இல்ல" என்று என் வீட்டுக்காரர் குலசாமி மேல் சத்தியம் பண்ணினார். அவர் சத்தியம் பண்ணி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. குற்றாலத்தில் இடம் கிடைக்காதவர்கள் தென்காசியில் வீடு தேடி அலைகிற மாதங்கள் அவை. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்குக் குடிபுகுகிற கணக்கு கிடையாது. அவர்கள் பால் காய்ச்ச மாட்டார்கள், வெறுமனே வந்து தங்கிப் போவார்கள். அதனால் ஆடியிலும் வருவார்கள். "ரெண்டு மாசம் சும்மாதானே கெடக்கு. யாருக்காவது விட்டா மேலச் சுவரப் பூசிரலாம்" என்றார் அவர். சுவர் என் சுவர்தானே என்று நானும் சரி என்றேன்.

வந்தவர்கள் மதுரைப் பக்கத்து அண்ணனும் தங்கையும். அண்ணனுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு பருத்திக் கடையில் எடை போடுகிற வேலை, லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். தங்கை என்னைவிடச் சின்னவள். நல்ல களையான முகம். ஆனால் பேச்சே கிடையாது. உட்கார வைத்தால் உட்காருவாள், எழுப்பினால் எழுந்திருப்பாள். தினமும் காலையில் அண்ணன் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து ஜட்கா வண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிற்க வைத்துக் கூட்டி வருவார். ஒரு மண்டலம் அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை. அதை நம்பி எங்கெங்கோ இருந்து வருவார்கள்.

பைத்தியம் ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வளவு கூடிவிட்டது. முதல் வீட்டில் இருந்தது போலீஸ் ஏட்டின் மனைவி. வளவில் எல்லாரும் அவளை ஏட்டம்மா என்பார்கள். வாடகை எங்களுக்கு, அதிகாரம் அவளுக்கு. அன்று நான் போனபோது நடையில் என்னை மறித்துக்கொண்டாள். பின்னால் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் நின்றார்கள்.

"ஏ தங்கச்சி, கோட்டிக்காரியக் கொண்டாந்து கெணத்தடி வீட்டுல வச்சிருக்கியே, இது அடுக்குமா? நாளைக்கு உள்ள விழுந்து தொலச்சா தண்ணி யாரு குடிப்பா?"

"விழுந்தாத்தான மதினி?"

"விழுந்த பெறவு பேசி என்ன? அவள அனுப்பு. இல்லன்னா நாங்க நாலு வீடும் காலி பண்ணிருவோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. "ஆடி பொறந்தாச்சு மதினி. ஆடியில எந்த வீட்டுல போயிக் குடியேறப் போறிய?" என்றேன்.

ஆடி மாதம் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. ஆனால் ஏட்டம்மா லேசுப்பட்டவள் இல்லை. "சரி, ஆவணி பொறக்கட்டும். மொத முகூர்த்தத்துல அவ போகணும், இல்லன்னா நாங்க போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வளவு வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று தெரியும். ஆவணியில் நாலு வீடும் காலியானால் அடுத்து வருவது புரட்டாசி. புரட்டாசியில் புதிதாக ஒருவரும் வர மாட்டார்கள். கோட்டிக்காரி இருந்த வளவு என்று பெயரும் வந்துவிட்டால் ஐப்பசியிலும் வர மாட்டார்கள். என் ஒட்டியாணம் சுவராக நின்று சாரலில் நனைய வேண்டியதுதான். நான் அவரிடம் சொன்னேன். "ஆவணியில அவங்க போயிருவாங்க, அதுதான பேச்சு. நீ வெசனப்படாத" என்றார்.

அந்தப் பெண் ஏன் இப்படி ஆனாள் என்பது அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து இறந்துவிட்டது. பிள்ளை போன வீட்டில் இவள் கைராசி சரியில்லை என்று புகுந்த வீட்டார் அவளை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. அரிசி களையக் கூட விடவில்லை. மூலையில் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். கொஞ்ச நாளில் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகு அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். "எங்க வீட்லயும் என் சம்சாரம் பயப்படுறாங்க, பிள்ளை குட்டி இருக்கிற வீடு பாருங்க" என்றார் அண்ணன். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

உப்பு மரவையைத் தொடவிடவில்லை என்று ஐந்து வருஷமாக ஊரைக் கூட்டுகிறவள் நான். அரிசி களையக் கூட விடாத வீடு எப்படி இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பாதி கழிந்திருக்கும். சாரல் கொஞ்சம் விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை நேரம். மேலச் சுவரை அளக்கக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நான் வளவுக்குப் போயிருந்தேன். நடையில் நுழைகிறேன், ஏட்டம்மாவின் அலறல் கேட்கிறது. "ஐயோ, விழப்போறா, விழப்போறா! பிடிங்க!" என்று. ஓடினேன். அந்தப் பெண் கிணற்றுச் சுவரில் வயிறு பட உள்ளே குனிந்து நின்றாள். கால் நுனி மட்டும் தரையில் இருந்தது. ஏட்டம்மா போட்ட கூச்சலில் அவள் திடுக்கிட்டாள். உள்ளே தொம்மென்று சத்தம். பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையிலும் அறுந்த கயிறு இருந்தது.

"குடம் போச்சு அக்கா. உலை வைக்கணும்" என்றாள்.

வந்து இறங்கிய நாளிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பேச்சு அது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். நான் போட்டு வைத்த களிமண் அடுப்பில் சுள்ளி அடுக்கியிருந்தது. முறத்தில் அரிசி புடைத்து வைத்திருந்தது. அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் யாரும் சொல்லாமல் அவளாகவே சமைக்க எழுந்திருக்கிறாள். தண்ணீர் கோரத்தான் வந்திருக்கிறாள். எங்கள் கிணற்றுக் கயிறு இற்றுப் போயிருந்தது. வளவு வாங்குகிறவர்களே, சாரல் காலத்தில் கிணற்றுக் கயிற்றை மாற்றுங்கள். அது வீட்டுக்காரர் பொறுப்பு, குடியிருப்பவர் பொறுப்பில்லை.

ஏட்டம்மா என்ன செய்தாள் தெரியுமா? விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள். தன் பித்தளைக் குடத்தையும் புதுக் கயிற்றையும் கொண்டு வந்தாள். ஒரு குடம் தண்ணீரைத் தானே இழுத்து அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்தாள். "போ தாயி, உலையப் போடு" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "கயிறு கூட மாத்தாம வாடகை மட்டும் வாங்குதிய, வெக்கமா இல்ல?" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு காலி பண்ணுகிற பேச்சை ஏட்டம்மா எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் சமைத்தாள். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். ஆனால் அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் முகம் வேறாகிவிடும். நான் போகும்போதெல்லாம் ஒரு கிண்ணத்தில் எதையாவது ஊற்றித் தருவாள். கைப்பக்குவம் அபாரம். இந்தக் கையையா ராசியில்லை என்றார்கள், மூதிகள் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆடி முடியப்போகும் சமயத்தில் அண்ணன் என் வீட்டுக்காரரைத் தேடி வந்தார். இங்கேயே ஓர் அரிசி மண்டியில் எடை போடுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். பெண்டாட்டி பிள்ளைகள் மாமனார் வீட்டில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன், இந்த வீட்டிலேயே ஒரு வருஷம் இருக்க விட வேண்டும் என்றார். "திரும்பிக் கூட்டிட்டுப் போனா இவளை மறுபடி மூலையில உக்கார வச்சிருவாங்க அண்ணே. இங்கேதான் அடுப்பைத் தொட்டிருக்கா."

அப்போது நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் நம்ப முடியாமல் நினைத்துக்கொள்கிறேன். மழையில் நனைந்தவனைக் கண்டால் வீட்டைக் கொடுத்துவிடுகிற என் புருஷன், கையைக் கட்டிக்கொண்டு, "முடியாது தம்பி. என் வீட்டுக்காரிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆவணியில நீங்க போயிரணும்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் வெளியே வந்தேன். "ஏன் அப்படிச் சொன்னிய? அவங்க இருந்துட்டுப் போகட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, கோட்டி அவளுக்கா உனக்கா? அஞ்சு வருசமா என் காதத் தின்னவ நீ. நான் ஒருத்தன்கிட்டயாவது கண்டிப்பாச் சொல்லமாட்டேனான்னு கெடந்து அழுதவ நீ. இன்னைக்கு மொத மொதலா நான் கண்டிப்பாப் பேசிருக்கேன். அதுலயும் குறுக்க விழுதியே!"

"வேற ஆள்கிட்ட கண்டிப்பா இருங்க."

"நான் பண்ணின சத்தியம் என்னாவ?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்து வந்த நாட்களில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. கச்சேரி விட்டால் வீட்டுக்கு வருவதில்லை. வரும்போது வேட்டியெல்லாம் சேறாக இருக்கும். கேட்டால், "உனக்கென்ன சோலி?" என்பார். அவர் கண்டிப்பாகப் பேச வேண்டும் என்று நான் கேட்டது மற்றவர்களிடம்தானே, என்னிடம் இல்லையே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நம்மை மதித்து ஒரு சொல்லைக் காப்பாற்ற நினைத்த மனுஷனை நோகடித்துவிட்டோமே என்று கோயிலில் போய் நின்று விசும்பினேன்.

பிறகு ஒரு நாள் ஏட்டம்மா ஆள் விட்டாள். "உம் புருசன் எங்க விறகையெல்லாம் தூக்கி நடையில போட்டுட்டாரு. வந்து என்னன்னு கேளு."

போனேன். கிணற்றுக்குப் பின்னால் வளவுக்குப் பொதுவாக ஒரு விறகுப்புரை இருந்தது. உள்ளே விறகைக் காணோம். தரை மெழுகியிருந்தது. ஓடு மாற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்பாக, சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கச்சேரி குமாஸ்தா! மூலையில் கோணலும் மாணலுமாக ஓர் அடுப்பு. அவரே போட்டிருக்கிறார். அடுப்பின் மூன்று குமிழும் மூன்று உயரம்.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டேன், இருக்கட்டும்னு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஆவணியில பால் காய்ச்சணும்னு தான சத்தியம். எந்தக் கூரைக்குக் கீழன்னு சத்தியம் இல்லயே."

நான் அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏட்டம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டுமே.

ஐந்து வீட்டுக்குச் சொந்தக்காரி விறகுப்புரையில் குடியேறப்போகிறாள் என்று தெருவெல்லாம் சிரித்தது. ஓரகத்திகள் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல இல்லாத எடமா?" என்று கேட்டுவிட்டு, பால் காய்ச்சப் பித்தளைப் பானையைப் புளி போட்டு விளக்கி வைத்தார்.

ஆவணி முதல் முகூர்த்தம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஏட்டம்மா கோலம் போட்டிருந்தாள். வளவே விறகுப்புரை முன்னால் நின்றது. அத்தை பானையில் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, தீப்பெட்டியை எடுத்து மூத்த மருமகளை நோக்கி நீட்டினார். மூன்று பிள்ளை பெற்று மூன்றும் நன்றாக இருக்கிற மகராசி அவள். அவள்தான் பற்ற வைக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

நான் குறுக்கே கை நீட்டித் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். கூட்டத்தின் கடைசியில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்த அந்தப் பெண்ணிடம் போய், அவள் கையில் வைத்தேன். "வா, நீதான் பத்த வைக்கணும்" என்றேன்.

அவள் தலையைத் தலையை ஆட்டினாள். "நான் கூடாது அக்கா" என்றாள், மெதுவாக.

"ஏட்டி, என்ன செய்யுத? யோசிச்சுத்தான் செய்யுதியா?" என்றார் அத்தை.

"என் அடுப்பு அத்தை. இத்தனை வருசம் காத்துக் கெடந்த அடுப்பு. யாரு பத்த வைக்கணும்னு நான் சொல்லக்கூடாதா?" என்றேன். அத்தையை நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. என் வீட்டுக்காரர் பக்கம் பார்த்தேன். அவர், சரிதான் என்பது போல வாசலை விட்டு விலகி அவளுக்கு வழி விட்டார்.

அவள் வந்து அடுப்பு முன்னால் குந்தினாள். முதல் குச்சி உரசியதும் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். தப்புச் செய்துவிட்டேனோ, இத்தனை பேர் முன்னால் அவளை மறுபடி மூலைக்குத் தள்ளிவிட்டேனோ என்று பதறினேன்.

அத்தை குனிந்தார். வலைபோலக் காய்ந்து கிடந்த தென்னஞ் சில்லாட்டையில் ஒரு துண்டைக் கிழித்துச் சுள்ளிக்கு அடியில் செருகினார். கீழே கிடந்த தீப்பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் கையிலேயே திரும்ப வைத்தார். "சாரல் ஈரம் தாயி. எனக்கே ரெண்டு குச்சி போவும். இப்பக் கிழி" என்றார்.

மூன்றாவது குச்சி பிடித்துக்கொண்டது. என் புருஷன் போட்ட கோணல் அடுப்பில் பானை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. பால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பொங்கி வழிந்தது. ஏட்டம்மா குலவையிட்டாள். நான் சீனி போட்டுத் தம்ளர்களில் ஊற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் தம்ளரை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள். அத்தை கையை நீட்டி வாங்கி ஒரு மடக்குக் குடித்தார்.

"ஏட்டி, சீனிய அள்ளிக் கொட்டிருக்கா பாரு உங்க அக்கா" என்றார் அவளிடம். "இவ கையில உப்ப நான் குடுக்காதது சரிதான?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே தூறலில் நின்றிருந்த அவள் அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஈரம் என்றும் பார்க்காமல் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.